பன்னிரண்டு அங்குலம்

கண்ணாடிப் பெட்டிமேல் மூன்றையும்
வரிசையாக வைத்தார் சில்வெஸ்டர்.
ஒன்று நாவல் நிறம், ஆறு அங்குலம்,
கைப்பைக்குள் குடையோடு படுத்துக்கொள்ளும்.
ஒன்று பெருங்கை வைத்தது,
தூக்கி இறக்கினால் நறுக்கென்று கேட்கும்,
பள்ளிக்கூட அலுவலகங்களில்
மேசையோடு மேசையாகிவிட்ட சாதி.
மற்றது தண்டவாளத்தில் ஓடும் சிறு அலகு,
பக்கத்தில் இழுத்து நீட்டும் அளவுகோல்,
பன்னிரண்டு அங்குலம்.

எனக்குத் தேவை
லோஞ்சுக்குள் வைத்து வெட்டக்கூடிய ஒன்று.
ஏழு மணிக்கு ஏறினால்
மூதூர் வரைக்கும் மடியில் பலகை,
பலகையில் தாள்.
இதுவரை கத்தரிக்கோல்தான்.
அலை ஒருமுறை தூக்கினால் போதும்,
வாழ்த்துமட்டையின் விளிம்பு
கொட்டியாரக் குடாவின் கரையாக வளைந்துவிடும்.
போன மாதம் ஒரு சாமத்தியவீட்டு மட்டை
அப்படித்தான் போனது.
"கையால செய்தது எண்டா அப்பிடித்தானே"
என்றாள் வாங்கியவள்.
அந்த மன்னிப்பு இன்னும் உறுத்துகிறது.

வெட்டிப் பார்க்கப் பழைய விலைப்பட்டியல் தந்தார்.
தாளின் அகலம் எட்டேகால்,
ஆறில் எப்படி அடங்கும்?
"மடிச்சு வெட்டுங்கோவன்."
மடித்தால் உள்தாள் நழுவும்.
எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.
பெருங்கை நேராகத்தான் இறங்கியது,
ஆனால் இரும்பு, மூன்று கிலோ,
அதுவும் பையில் அலகு.
துறையில் பையைத் திறக்கச் சொன்ன காலம்
போய்விட்டதுதான்,
கை இன்னும் தானாகவே ஜிப்பைத் தேடுகிறது.

மூன்றாவதில் வெட்டினேன்.
வெட்டிய விளிம்பை மற்ற விளிம்போடு
சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
நூலிழை இடைவெளி.
திருப்பி மறுபடி, இம்முறை
தாளை மூலையில் அழுத்திக்கொண்டு.
இடைவெளி இல்லை.
பிழை என்னுடையது, அலகினுடையதல்ல.

பிறகுதான் படத்தை வெளியே எடுத்தேன்.
பஸ்மினா அம்பாறைக்கு மாற்றலாகிறாள்.
வெள்ளிக்குள் ஆல்பம் முடிய வேண்டும்.
அலுவலக வாசல், பங்குனி வெயில்,
கேக் கத்தியோடு அவள்,
சுற்றிலும் கணக்குப் பிரிவு முழுவதும்.
வலது ஓரத்தில் எங்கிருந்தோ நீண்டு வந்து
அவளுக்குக் குடை பிடிக்கும்
ஒரு கை. ஆள் இல்லை.

சில்வெஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"உந்தக் கையை வெட்டிவிட்டா
சதுரமா வரும் பிள்ளை.
சின்ன ஆல்பம் காணும், சின்ன வெட்டியும் காணும்.
காசும் மிச்சம்."

அலகை மணிக்கட்டு வரை கொண்டுபோய்
நிறுத்தினேன்.
கறுப்பு மணிக்கூட்டுப் பட்டி,
ஆட்காட்டி விரலில் காய்ந்த பசை.
"அது என்ர கை" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மேல்தட்டில் தேடி மாற்று அலகு இரண்டை எடுத்து,
"இது பிறகு கிடைக்காது" என்று
பெட்டிக்குள் போட்டார், அதற்குக் கணக்கெழுதாமல்.
மூவாயிரத்து எண்ணூறு.
நாலு சாமத்தியவீடு, ஒரு கலியாணம்
என்று மனதுக்குள் கழித்துக்கொண்டேன்.

கையில் கொண்டுதிரியலாம் என்று
பெட்டியில் அச்சடித்திருந்தது.
கைப்பையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.
நாலு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க
பஸ் நிலையத்தடியில் நின்றேன்.
வழக்கம்போல மான்கள்,
யாருக்கும் வழிவிடாமல்.
ஒன்று வந்து பெட்டியை முகர்ந்தது,
அட்டைமூலையைக் கடித்துப் பார்த்தது.
"சீ" என்று இழுத்ததில்
வெட்டிப் பார்த்த விலைப்பட்டியல் துண்டு விழ,
நிதானமாக அதை மென்றது,
ஓரம் நேரா, கோணலா என்று
பாராமல்.