பன்னிரண்டாவது ஆணி

மாதனூர் கூட்டுரோட்டில் ஐந்து ஐம்பதுக்குக் கம்பெனி வேன்.
ஏறியதும் ஜன்னலோரம். கைப்பேசி.
நேற்றிரவு விதைத்துவிட்டுப் படுத்த கோதுமை
மஞ்சளாய் நிற்கிறது.
விரலால் ஓர் இழுப்பு.
அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏறுவதற்குள்
அறுப்பு முடிந்து களஞ்சியம் நிறைந்து
"இடமில்லை" என்று சிவப்பில் எழுதுகிறது.

இடமில்லைதான்.
கிழக்கே வேலிக்கு அப்பால் பனிமூட்டம் போட்டு
மூடி வைத்திருக்கிறார்கள் ஒரு துண்டு நிலத்தை.
திறக்கப் பலகை பன்னிரண்டு,
கயிறு பன்னிரண்டு,
ஆணி பன்னிரண்டு.
காசு கொடுத்தால் இன்றே திறக்கும்.
நான் காசு கொடுக்கிற ஆளில்லை.
கோழிக்குத் தீனி போட்டால் எப்போதாவது ஒரு கயிறு,
பால் விற்றால் எப்போதாவது ஒரு பலகை,
ஐந்து மாதமாய்ச் சேர்த்ததில்
ஆணி மட்டும் பதினொன்று.

ஆம்பூரில் கேட்டைத் தாண்டுமுன்
கைப்பேசியை வாங்கிப் பூட்டுவார்கள்.
என் டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஷூவுக்கு நாக்கு தைப்பது என் வேலை.
ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடி நாக்கு,
ஒன்றும் பேசாது.
தைக்கத் தைக்க நினைப்பேன்:
இரும்புப் பெட்டிக்குள் இருட்டில்
என் மாடுகள் மடி கனத்து நிற்கும்.
நிற்கட்டும். அங்கே எதுவும் வாடுவதில்லை,
சாவதில்லை, வட்டி ஏறுவதில்லை.
நான் வரும்வரை காத்திருக்கிற ஒரே இடம் அது.

சாப்பாட்டு நேரத்தில் சந்தை.
பெட்டியில் கிடக்கிற பொருளுக்கு
இங்கே வாயால் விலை பேசுவோம்.
தபசும் ஒரு கயிறுக்கு ஆறு முட்டை கேட்பாள்,
கேட்டுவிட்டு நாலுக்குக் கொடுப்பாள்.
கோட்டீஸ்வரி கொடுக்கவே மாட்டாள்.
அவள் கொட்டகையில் ஆணி முப்பது.
"இன்னாத்துக்குடி உனக்கு அத்தனை?" என்றால்
"கீது, இருக்கட்டும்."

போன வாரம் அவளே வந்தாள்.
"மூணு நாள் எனக்குப் பதிலா
பசை மேசையில உட்காரு. ஒண்ணு தர்றேன்."

உட்கார்ந்தேன்.
முதல் நாள் மூக்கு எரிந்தது.
இரண்டாம் நாள் சோறு பசையாய் மணந்தது.
மூன்றாம் நாள் சூப்பர்வைசர் கேட்டார்
"நீ எப்படிம்மா இங்கே?"
ஆணிக்காக என்று சொல்ல முடியுமா?
தலைவலி என்றேன். அதுவும் பொய்யில்லை.

வேனில் வீடு திரும்புகையில்
கோட்டீஸ்வரி அனுப்பிவிட்டாள்.
டிங் என்று ஒரு சத்தம்.
பன்னிரண்டு.
உடனே திறக்கவில்லை. ஞாயிறு வரை வைத்திருந்தேன்,
இருக்கிறது என்று தெரிந்துகொண்டே
வேறு வேலை பார்க்கிற சுகம்.

நாங்கள் இருப்பது ஒற்றை அறை.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று
அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.
காலண்டர் அரிசி டிரம் மேல் சாய்ந்து கிடக்கிறது,
தேதி கிழிக்கக் குனிய வேண்டும்.

ஞாயிறு இரவு கரண்ட் போயிற்று.
சார்ஜ் ஒன்பது சதவீதம்.
குமரவேல் விசிறிக்கொண்டே எட்டிப் பார்த்தான்:
"அதுல நெல்லு வருமா?"
"கோதுமை வரும்."
அழுத்தினேன்.
பன்னிரண்டு ஆணியும் ஒன்றன்பின் ஒன்றாய்க்
காற்றில் பறந்துபோய் எதிலோ அறைந்தன.
பனி விலகியது.

உள்ளே
மூன்று முள்மரம், ஒரு குட்டை,
நடுவில் யானை படுத்தாற்போல் ஒரு பாறை.
அகற்ற வெடி மூன்று வேண்டும் என்றது விளையாட்டு.

சிரிப்புதான் வந்தது.
ஐந்து மாதம், பசை மேசை,
கடைசியில் வேன் ஜன்னலில்
தினமும் பார்க்கிற அதே பாறை.
அது மேல் ஓர் ஆட்டை ஏற்றிவிட்டுப் பார்த்தேன்.
ஏறியது. நின்றது.
பரவாயில்லை, நம்ம ஊர் மாதிரிதான் இருக்கிறது.

தபசும் செய்தி போட்டாள்:
"என்கிட்ட வெடி மூணு கீது, வேணுமா?"
நாலு சதவீதம்.
வேகமாய் எழுதினேன்:
"வேணாம். பாறை இருக்கட்டும்.
ஆணி கீதா?"