மிதிக்கும் வரை

ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில்
எட்டு மணிக்கே வரிசை றோட்டைத் தொட்டுவிட்டது.
ஆளுக்காள் ஒரு மீற்றர்,
சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள்.
எனக்கு ஒரு மீற்றர் புதிதல்ல.
பத்து வருசமாய் என் சம்பளம்
ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நின்று எடுப்பது.

மேசையில் சீருடை ஒன்று
அடையாள அட்டை இலக்கம் கேட்டது.
மரியாதையாகத்தான் கேட்டது, தமிழில் கேட்டது.
அதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது.
பள்ளிக்கூடம், வரிசை, பெயர்ப் பதிவு:
உடம்பு முதலில் நினைத்தது,
நான் பிறகு.

தர்மினி மிஸ் ஊசியை நிமிர்த்தித் தட்டினா.
"உயிருள்ள கிருமியோ மிஸ்?"
எனக்குப் பின்னால் சுபேந்திரா.
"செத்தது. கொண்டுபோட்டுத்தான் அடைச்சிருக்கு."
"செத்ததை ஏன் எங்களுக்குப் போடுறியள்?"
மிஸ்ஸுக்கு நேரமில்லை. இன்னும் முந்நூறு பேர்.

நான் சொல்லியிருக்கலாம்.
பயிற்சியின் முதல் நாள் கையில் தந்தார்களே, சுபா,
வெடிமருந்து கழற்றிய மிதிவெடி,
சவர்க்காரப் பெட்டி அளவில்.
விளிம்பை விரலால் தடவச் சொன்னார்கள்.
கண்ணைக் கட்டிக்கொண்டும் தடவச் சொன்னார்கள்.
செத்ததைத்தானே முதலில் படித்தோம்,
சாகாமல் இருக்க.

அதுவும் இதுவும் ஒரே சாதி.
அது பத்து மாரி மண்ணுக்குள் கிடக்கும்,
பசியில்லை, மூச்சில்லை, கோபமுமில்லை.
கால் வந்தால்தான் அதற்கு உயிர்.
இது ஒரு தும்மல் துளிக்குள்
மடித்து வைத்த துண்டுக் கடிதம்.
ஒரு கலம் பிரித்து வாசித்தால் போதும்,
அந்தக் கலத்தின் மையிலேயே
அந்தக் கலத்தின் தாளிலேயே
தன்னை ஆயிரம் பிரதி எழுதிவிட்டு
வீட்டையும் உடைத்துக்கொண்டு வெளியேறும்.

இரவு காய்ச்சல். தோள் கல்லாய்க் கனத்தது.
இரண்டு பனடோல், ஒரு கோப்பை கொத்தமல்லி.
உள்ளே ஒத்திகை நடக்கிறது என்று படுத்திருந்தேன்.
யாரோ விளிம்பைத் தடவுகிறார்கள்.
யாரோ அச்செடுக்கிறார்கள்.
பெரும்பாலானோர் வேலை முடிந்து செத்துப்போவார்கள்.
சிலர் மட்டும் என்பு மச்சைக்குள் போய்
வருசக்கணக்காய்ச் சும்மா இருப்பார்கள்,
அந்த விளிம்பை மறக்காமல்.

ஜெகதா அக்காவுக்கு அந்த ஒத்திகை கிடைக்கவில்லை.
ஊசி இங்கே வர மூன்று கிழமை முந்தி,
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்.
கிருமி ஒன்பதாம் நாளே ஓய்ந்துவிட்டதாம்.
பிறகு கொன்றது அவவின் சொந்தக் காவல், என்றார் டொக்டர்.
முன்பின் காணாத எதிரிக்கு
எல்லாத் திசையிலும் சுட்டுச் சுட்டு
நுரையீரல் முழுக்கத் தண்ணீர்.
நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.
வவுனியாவில் எரித்தார்கள்.
சுபாவின் போனில் பார்த்தோம், இடையில் இரண்டு தரம்
படம் நின்றுவிட்டது.

எங்கள் ஒழுங்கையில் ரகுபாலன்,
சிறுநீரகம் மாற்றியவர்.
அவருக்கு ஊசி பாதிதான் பிடிக்குமாம்.
ஆகவே அவரைச் சுற்றியுள்ள வளவெல்லாம்
நாங்கள்தான் துப்புரவாக்க வேண்டும்,
வெள்ளைக் கட்டை நட்டு நட்டு
அவர் கடைக்குப் போய்வர ஒரு பாதை.
இரண்டு வீடு இன்னும் மறுக்கிறது.
ஒன்று என் தம்பி வீடு.

அடுத்த மாதம் அது சட்டை மாற்றிக்கொண்டு வந்ததாய்ச் செய்தி.
விளிம்பு கொஞ்சம் வேறாம்.
மரப்பெட்டி வெடியும் அப்படித்தான்,
இரும்பு குறைவு, டிடெக்டர் கத்தாது,
முணுமுணுக்கும்.
குனிந்து பழகியவளுக்கு முணுமுணுப்புப் போதும்,
அநேகமாக.

திங்கட்கிழமை வேலை.
முகக்கவசத்துக்குள் முகக்கவசம்,
என் மூச்சே எனக்குப் புகார்.
பதினொரு மணிக்கு டிடெக்டர் வீரிட்டது.
சிவப்புக் கட்டை நட்டேன்.
பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
நாற்பது நிமிசம்.

மீன் ரின் மூடி.

சுபா சிரித்தாள்.
இடது தோள் இன்னும் நொந்துகொண்டிருந்தது.
முழங்காலை அரை அடி முன்னால் வைத்தேன்.