எந்தக் கண்ணாடி

ஷார்ஜா, மூன்றாம் தொழிற்பேட்டை.
ஷோரூம் கதவுக்கு உள்ளே மார்கழி,
வெளியே ஆகஸ்ட்.

மரியசெல்வன் தாளில் எழுதி வந்திருந்தான்:
லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்,
முன்பணம், மாதத் தவணை,
பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி.
"எட்டு வருஷம் சார்" என்றான் ஷிஜு,
மலையாளம் ஒட்டிய தமிழில்.
எங்கள் விசாவுக்கு இரண்டு.
அதை அங்கே யாரும் சொல்லவில்லை.

நான் தையல் டேப் கொண்டுபோயிருந்தேன்.
பழைய வண்டியிலிருந்து கழற்றிவந்த
இரண்டு குழந்தை இருக்கைகளையும் மாட்டியபின்
பின்சீட்டின் நடுவில் மிஞ்சியது
இருபத்தாறு சென்டிமீட்டர்.
என் இடுப்புக்கு அது போதாது.
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து செருகிக்கொண்டேன்.
இனியனின் பெல்ட் எட்டுகிறது.
ரெபேக்காவின் வாய் எட்டுகிறது.
அவள்தான் சில்லறை விழுங்குகிறவள்.

கிளம்பியபோது சத்தமே இல்லை.
பேட்டரியில் நகர்கிறதாம்.
"அப்பா, வண்டி செத்துப்போச்சா?"
"இல்லடா, யோசிக்குது."

சிக்னலில் ஷிஜு திரும்பி விளக்கினான்:
பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
வீணாய்ப் போகிற வேகத்தை
உள்ளே சேமித்துக்கொள்ளும் மேடம்.
மரியசெல்வன் கண்ணாடி வழியே
என்னைப் பார்த்தான்.
போன வருடம் கம்பெனி அவனை
சம்பளமில்லாமல் நிறுத்திவைத்த ஐந்து மாதம்
நாங்களும்தான் பிரேக்கில் நின்றோம்.
ஒரு திர்ஹம் சேரவில்லை.
என் வளையல் இரண்டு கழன்றது.

அல் தைத் சாலையில் வேகம் எடுத்தான்.
இன்ஜின் எப்போது விழித்ததென்று தெரியவில்லை.
மணல் லாரிகள் பக்கத்தில் ஊமையாய்ப் போயின.
ரெபேக்கா திராட்சைச் சாற்றை
வெள்ளைத் தோல் சீட்டில் துப்பினாள்.
ஷிஜு சிரிப்பை விடாமல் துடைத்தான்.
அவனுக்கும் இரண்டு,
திருச்சூரில்,
வீடியோவில் வளர்கிறார்கள்.

திரும்பி வந்ததும் கேட்டான்:
"மேடத்துக்கு ஏதாவது அறியணுமா?"

"இதில் எந்தக் கண்ணாடி சுலபமா உடையும்?"

தவறாகக் கேட்டுவிட்டதாய் நினைத்தான்.
மரியசெல்வன் தாளை மடித்துக்கொண்டான்.

போன ஆகஸ்ட், ரோலா, மருந்துக்கடை வாசல்.
ஸ்ட்ரோலரை மடக்கி டிக்கியில் வைத்து மூடினேன்.
டப்பென்று நாலு கதவும் பூட்டிக்கொண்டது.
சாவி பைக்குள், பை சீட்டில்,
சீட்டில் பதினொரு மாத ரெபேக்கா.
முதலில் சிரித்தாள். ஒளிந்து விளையாடுகிறேன் என்று.
செங்கல்லால் முன்கண்ணாடியை அடித்தேன்.
சிலந்திவலை மாதிரி கீறியதே தவிர விழவில்லை.
சிமெண்ட் லாரியிலிருந்து குதித்த ஒரு பட்டாணிக்காரர்
என்னைத் தள்ளிவிட்டு
பின்கதவின் மூலையில் ஸ்பானரால் ஒரே போடு.
ஏழு நிமிடம்.
பெயர் சொல்லவில்லை, தண்ணீர் வாங்கவில்லை.
மணிக்கட்டில் ரத்தத்தோடு
லாரியில் ஏறிப் போய்விட்டார்.

"இப்ப வர்ற வண்டி
சாவி உள்ளே இருந்தா பூட்டாது" என்றான் மரியசெல்வன்.
பழைய வண்டியை விற்றவனும்
அதைத்தான் சொன்னான்.

ஷிஜு போனை எடுத்துக்கொண்டு
ஒர்க்‌ஷாப் பக்கம் நடந்தான்.
பத்து நிமிடம் கழித்து
சட்டை நனைந்து வந்தான்.
"முன்கதவு ரெண்டும் ரெட்டைக் கண்ணாடி மேடம்.
வெளிச்சத்தம் கேக்காம இருக்கப் போட்டது.
சட்டுனு உடையாது.
பின்கதவு சாதா."
கொஞ்சம் நின்று சொன்னான்:
"இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

உள்ளே அமைதியாய் இருக்கிறதென்று
நானும்தான் மெச்சியிருந்தேன்.
உள்ளே அழுதால் வெளியே கேட்குமா
என்று கேட்க நினைத்து,
கேட்கவில்லை.

மரியசெல்வன் தாளைப் பிரித்து
தவணைத் தொகைக்குக் கீழே
இரண்டு கோடு போட்டான்.
பேனாவை வாங்கி
அதன் கீழே நான் எழுதினேன்:

பின்கதவு, மூலை.
சாவி என் கழுத்தில்.