மூக்கு உயரம்

மூன்று நாள் மழை. மெரினாவில் சவாரியில்லை.
மீர்சாகிப்பேட்டைச் சந்தில், தகர ஷெட்டில்,
படுக்கவே மாட்டேனென்று நிற்கிறது ராக்கெட்.

"சுத்தமாத்தானே இருக்கு" என்றான் ஷர்புதீன்
வாசலில் நின்று, டீ கிளாஸோடு.
நின்று பார்த்தால் எல்லாத் தரையும் சுத்தம்தான்.

குந்தினேன். அப்புறம் மண்டியிட்டேன்.
குதிரை படுத்தால் அதன் மூக்கு எங்கிருக்குமோ
அங்கே என் மூக்கைக் கொண்டுபோனேன்.
கண் எரிந்தது.

மேலே உலர்ந்த மரத்தூள். கீழே
மூத்திரம் ஊறிய கறுப்புக் களி.
மூலைவரை சுரண்டி இழுத்தோம், பதினோரு சட்டி.
ஒன்பதுக்கு மேல் வாங்கமாட்டேன் என்றார்
கார்ப்பரேஷன் வண்டிக்காரர்.
மிச்சம் இரண்டுக்கு இருபது ரூபாய்.

செங்கல் இடுக்கில் சுண்ணாம்பு.
பின்சுவரில் ஒரு தகரத்தைக் கழற்றிக் காற்றுக்கு வழி.
குளம்புக்குள் கறுத்து நாறிய பள்ளத்தைத்
துணியால் ஒற்றினேன். உதைக்கவில்லை,
காதை மட்டும் பின்னால் மடித்தது.

ஓட்டேரி மரவாடியிலிருந்து ஷர்புதீன்
புதுத்தூள் இரண்டு மூட்டை, ஆட்டோவில்,
தன் சட்டையைக் கழற்றிப் போர்த்திக் கொண்டுவந்தான்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தொம்மென்று சத்தம்.
டார்ச்சோடு ஓடினேன்.
பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டி,
தூளில் மூக்கைப் புதைத்துத்
தூங்குகிறது.

அவனை எழுப்பவில்லை.
விலாவில் ஒட்டிய தூளைக்
காலையில் அவனே தட்டிவிடட்டும்.