ஒரு வீடு தள்ளி

வாக்கியம் எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை.
மறந்திருந்தால் மறந்துவிட்டேன் என்று உட்கார்ந்து அழுதிருக்கலாம்.

கோழிக்கு ஆயிரம் இறகு, எனக்கு ரெண்டு கண்ணு.
நானே கட்டியது, ஆங்கில எழுத்தில் அடித்தது.
எந்த ழகரம் போட்டேன் என்பதில்தான் சந்தேகம்.
இசட் எச்சா, வெறும் இசட்டா,
பயத்தில் எல் போட்டு முடித்தேனா?
ஆயிரத்துக்கு ஒரு ஏயா, ரெண்டா?
கண்ணுக்கு எத்தனை என்?
எதை அடித்தாலும் திரையில் புள்ளி.
பதினாலு நொடி யோசிக்கும்,
பிறகு தப்பு என்று சொல்லும்.
நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு தப்பு.

களியக்காவிளைக்குத் தெற்கே
தண்ணீர் வராத கால்வாயில்
பதினோரு ராத்திரி லாரி வந்தது.
கடைகளில் உரித்ததன் மிச்சம்,
குடல், கால், ஈரம் காயாத இறகு.
எல்லைக்கு அந்தப் பக்கம் நாறக்கூடாதென்று
இந்தப் பக்கம் கொட்டினார்கள்.
வாழைக்குள் நின்று படமெடுத்தேன்.
நம்பர் பலகை, டார்ப்பாய், ரப்பர் தோட்டத்துக் கேட்.
எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் இட்டுப் பூட்டினேன்.
லேப்டாப் ஆனிச் சாரலில் நனைந்து செத்தது.
டிஸ்க் இருக்கிறது.
வருகிற செவ்வாய் குழித்துறை கோர்ட்டில் வாய்தா.

பாறசாலையில் பிஜுமோன் கடைக்குக் கொண்டுபோனேன்.
மாம்பழத்தை முகர்வதுபோல
காதோரம் வைத்து அதன் சுழற்சியைக் கேட்டான்.
"இதினொரு குழப்பமும் இல்ல சேச்சி.
பூட்டு நல்லதாணு. அதாணு குழப்பம்."
காசு வாங்கவில்லை.

பூட்டுக்கு ஆள் தெரியாது.
திருடனையும் என்னையும் ஒரே வரிசையில் நிறுத்தி
அடுத்தது என்கிறது.

ரெஜினிடம் சொன்னேன். தம்பி,
ஒரு வீடு தள்ளி இருக்கிறான்.
"போட்டும் விடுக்கா" என்றான்.
அஞ்சு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்
எனக்க வீட்டில் இருந்து சாப்பிட்டான்.
மரச்சீனியும் சாளைக் கறியும்,
ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கி.

டைப்பிங்கில் ஹையர் பாஸான விரல் இது.
ஆதாரம் எழுதும் ஆபீசில் பதினாறு வருஷம்,
பிறரின் நாலு எல்லைகளை
கீழே குனிந்து பாராமலே அடித்த விரல்.
வாக்கியத்தில் பிழை இல்லையென்றால்
பிழை எங்கே?

சனிக்கிழமை ராத்திரி
அன்றைக்கு உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்தேன்.
கட்டில் மூலை. மடியில் ஆபீஸ் லேப்டாப்.
வெளிச்சம் ஜன்னலுக்குத் தெரியாதபடி
திரையைக் குறைத்து, தலைவரை போர்வை.
மூச்சு முட்டியது. அன்றைக்கும் முட்டியது.
வெளியே ஏதோ வண்டி நின்று கிளம்பியது,
சும்மா போகிற வண்டிதான்,
கை தானாகச் சுருங்கி மறுபடி விரிந்தது.

அடித்தேன்.
பதினாலு நொடி.
பதினைந்து.
தப்பு என்று சொல்லவில்லை.

போர்வையை விலக்கிப் பார்த்தால்
எஃப்பிலும் ஜேயிலும் இருக்கிற அந்தச் சின்ன மேட்டில்
என் விரல் இல்லை.
ரெண்டு கையும் ஒரு வீடு தள்ளி.
கே அடிக்கிறேன் என்று எல் அடித்திருக்கிறேன்,
ஓ என்று பீ.
உறுதிப்படுத்த ரெண்டாந்தடவை கேட்டபோதும்
எடுக்காத கையால் அதையே.
பயம் இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்யும்
என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

முன்னூற்று நாற்பது படம்.
பாதி இருட்டு, கால்வாசி வாழையிலை.
நாற்றத்தைப் பதிய வழியில்லாததால்
படங்களில் ஊர் சுத்தமாயிருந்தது.
ஏழாம் ராத்திரியில் நம்பர் தெளிவு.
அதே படத்தில், இடது ஓரம்,
கேட்டின் சங்கிலியை அவிழ்க்கிற கை.
முகம் இல்லை.
கையில் வாட்ச். பச்சை டயல்.
கிறிஸ்மஸுக்கு வாங்க, பாறசாலையில்
நாலு கடை ஏறி இறங்கியது நான்.

அப்போதே பார்த்திருக்கிறேன்.
பார்த்த பிறகுதான் போர்வைக்குள் போனேன்.

பென்டிரைவைச் செருகினேன்.
பட்டை மெல்ல ஊர்ந்தது, நாற்பத்தொரு சதவீதம்.
அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தது.
அவன் பிள்ளைக்கு சளி,
மூணு நாளாகத் தூக்கமில்லை என்று
சாப்பிடும்போது சொன்னான்.