ஒன்பதாம் எண்

கிரிம்ஸ்பி நீதிமன்றத்தில்
செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு,
டோரீன் ஸ்டப்ளியின் கண்களைக் கழற்றி
ஜூரிகள் பன்னிரண்டு பேருக்கும் முன்னால்
மேசைமேல் வைத்தேன்.
மென்மையாகத்தான். 'அம்மணி' என்று அழைத்துத்தான்.

எவ்வளவு தூரம்?
நாப்பது மீட்டர் இருக்கும்.
நாற்பத்தேழு. நானே நாடா பிடித்து அளந்தேன்,
ஐஸ் கிடங்கின் கதவிலிருந்து மூன்றாம் விளக்குக் கம்பம் வரை.
விளக்கு எரிந்ததா?
எரிஞ்சுதுன்னு ஞாபகம்.
நகராட்சிப் பதிவேட்டின்படி பிப்ரவரி ஒன்பதிலிருந்து பழுது.
கண்ணாடி?
கோட்டுப் பையில இருந்துச்சு.
ஏன் பையில்?
மீன் வெட்டுற அறையிலேருந்து வெளியே வந்தா
ஆவி படிஞ்சிடும் சார்.
யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
சிரிக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் என் கட்டணம்.

பிறகு, நீதிபதி அனுமதித்திருந்த அந்தப் பழைய காகிதம்:
இருபத்து மூன்று வயதில்
வேலையில்லை என்று எழுதிக்கொடுத்து
பதினொரு வாரம் வாங்கிய உதவித்தொகை.
அந்தப் பதினொரு வாரமும்
ஹாடாக் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.
அன்று கையெழுத்துப் போட்டது பொய்க்குத்தானே?
குழந்தைக்கு அப்ப...
ஆமா, இல்லையா?
ஆமா.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
முப்பத்தெட்டு வருடம் முன்பு வடித்த பானை.
அந்தப் பருக்கையை விரலிடுக்கில் நசுக்கி
எல்லோருக்கும் காட்டினேன்.

ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.
காவலாளியை அடித்துப் போட்டுவிட்டு நடந்துபோனவன்
டேரல் பின்ச்பெக்தான் என்று எப்படித் தெரிந்தது?
எப்படி என்ற சொல்லை நாங்கள் தொடுவதில்லை.
தொட்டால் சாட்சிக்கு வாய் முளைத்துவிடும்.
அரசுத் தரப்பு எழுந்தது, காகிதத்தைப் புரட்டியது,
வேறொன்றும் இல்லை என்று உட்கார்ந்தது.

இறங்கும்போது படியைக் காலால் தடவித் தடவி
இறங்கினாள் டோரீன்.
அதையும் ஜூரி பார்த்தது.
அது நான் கேட்காமலே கிடைத்தது.

மாலை ஐந்தே முக்கால். தூறல். என் கார் பட்டறையில்.
பேருந்து நிறுத்தத்தில் அவளும் நானும்,
நடுவே நனைந்த பெஞ்சு.
அவளோடு பேசக்கூடாது என்பது என் விதி.
பேச வேண்டாம் என்பது அவள் முகம்.
சாலைக் கோடியில் இரண்டு மஞ்சள் கறைகள்.
எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
கையை நீட்டினாள்.
எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை,
எண் தெரியவில்லை.
வந்து நின்றது ஒன்பதாம் எண்.
அவள் கண்ணாடி அப்போதும் கோட்டுப் பையில்.

எப்படி?
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
'பிரேக் போட்டா இடது பக்கமா ஒரு இழுப்பு இழுக்கும்.
ஆறு வருஷமா இதுலதான் போறேன்.'

கதவு மூடியது.
என் பேருந்தும் அதுதான். நான் ஏறவில்லை.

டேரலும் அவளும் ஒரே மேசையில் மீன் வெட்டியது
பதினான்கு வருடம். கோப்பில் இருக்கிறது,
நான்காம் பக்கம், நான் அடிக்கோடு போடாத வரி.
கூண்டில் உட்கார்ந்தே இருப்பவன்
நடந்து ஜூரியில் ஒருவரும் பார்த்ததில்லை.
நான் பார்த்திருக்கிறேன்,
சிறையின் சந்திப்பு அறையில்,
வலது தோள் முன்னே வர, மற்றதெல்லாம் பின்னே வர.

நாளைய உரை பெட்டிக்குள் இருந்தது.
தெருவிளக்கடியில் எடுத்துப் பார்த்தேன்.
முதல் வரி: 'அவரால் அந்த முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது.'
மழைத்துளி விழுந்து 'முகம்' கொஞ்சம் ஊறியிருந்தது.
திரும்பவும் படித்தேன்.
அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.