கடைசிக் கால் மில்லி

சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன்.
மணி மாதிரி ஒலித்தது, நீளமாக.
புனிதவதி முகம் தெளிந்தாள்.
அவசரப்படாதே என்றேன். கிராங்க் பொய் சொல்லாது,
ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

கிள்ளானில் வாங்கியது. ஜப்பான் இஞ்சின்,
அதிகம் ஓடாதது என்று சொல்லி
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
மூன்றாம் மாதமே தள்ளி எடுத்த கூட்டுப் பணம்.
இங்கே சிலிம் ரிவரில், தோட்டத்து மண்ரோட்டோரம்
செம்பனைக் குலைகள் இரண்டு நாளாய் உதிர்கின்றன.
லோரி என் பட்டறை வாசலில்
வாயைப் பிளந்து நிற்கிறது.

மண்ணெண்ணெயில் கழுவி
இரண்டாவது பின்னில் நகத்தை ஓட்டினேன்.
சிக்கியது.
நான்காவதில் நகம் வழுக்கியது, கண் சிக்கியது:
கத்தரிப்பூ நீலம்.
எண்ணெய் வராமல் ஒருநாள் எரிந்திருக்கிறது,
எந்த மேட்டிலோ, எவன் மிதித்தோ.

மைக்ரோமீட்டர் வைத்தேன்.
அசல் ஐம்பத்து மூன்று. காட்டியது ஐம்பத்திரண்டரை.
துடைத்துவிட்டுக் குறுக்கே வைத்தேன்.
ஐம்பத்திரண்டரை, ஒரு மயிரிழை குறைய.
யாரோ ஏற்கனவே அரைத்திருக்கிறார்கள்.
அரைத்த அளவைப் பொறித்த இடத்தில்
உப்புத்தாள் போட்டுத் தேய்த்துமிருக்கிறார்கள்.
விளக்கைச் சாய்த்தால்
ஐந்தின் வயிறு மட்டும் தெரிகிறது.

புனிதவதி குனிந்து பார்த்தாள்.
கிள்ளான்காரனை ஒரே வார்த்தையில் திட்டினாள்.
ரஃபீக் பங்ளாதேஷிலிருந்து வந்து ஆறு வருஷம்,
அந்த வார்த்தை அவனுக்கும் தெரியும்.

பின்னும் கன்னமும் சேரும் வளைவில்
சாக்பீஸ் தூள் பூசிவிட்டு
மூன்று பேரும் குந்திக் காத்திருந்தோம்.
கறுப்பாய் ஒரு கோடு எழுந்தால் இது பழைய இரும்பு,
கிலோ ஒரு வெள்ளி.
மழை வந்து தகரத்தை அடித்துவிட்டுப் போயிற்று.
தூள் வெள்ளையாகவே இருந்தது,
எண்ணெய்த் துளை ஓரம் ஒரு பொட்டைத் தவிர.
உள்ளே தங்கிய ஈரம், அண்ணே, என்றான் ரஃபீக்.
எனக்கும் நம்ப ஆசைதான்.
ஆசை வந்ததால்தான் ஈப்போவுக்கு அனுப்பினேன்,
காந்தச் சோதனைக்கு. அதற்குத் தனியாய் நூற்றிருபது வெள்ளி,
அவளிடம் சொல்லவில்லை.

ஆ செங் போன் போட்டான்.
வெடிப்பு இல்லை. வளைவு இருந்தது, பிரஸ்ஸில் நிமிர்த்தியாச்சு.
முக்காலுக்கு அரைத்ததில் நீலம் போயிடுச்சு.
அதுக்கு மேலே பேரிங் கிடையாது, தெரியும்தானே?
தெரியும்.

திரும்பி வந்தது கண்ணாடியாய்.
துளைகளில் கம்பி பிரஷ் விட்டால்
பழைய ஊரின் கரி இன்னும் வருகிறது.
வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை ஊதினேன்.
பச்சை மெழுகு நூலைக் கிடத்தி, மூடி முறுக்கி, கழற்றி,
நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டேன்.
அவளும் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்,
பரீட்சை ரிசல்ட் மாதிரி.
சரியாக இருந்தது.

"இது எத்தனை வருஷத்துக்கு வரும்?"
"மூணு டன்னுக்கு மேலே ஏத்தாதே."
சிரித்தாள்.
"மூணு டன்னுக்கு டீசல் காசே வராது போமன்."

ஒன்பதாம் நாள் பட்டறையைத் தாண்டிப் போனாள்.
கிரைண்டரை நிறுத்திக் கேட்டேன்.
தட்டல் இல்லை.
லோடு எப்படியும் நாலரை டன் இருக்கும்.